குத்தாலிங்கம் வந்த வரிசை

முதல் குத்தாலிங்கம் மில்லிலிருந்து வந்து, கைகால் கழுவி, ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, நடுவீட்டு நாற்காலியில் சாய்ந்து காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது குத்தாலிங்கம் மில்லிலிருந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றினான். அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்த திருமலைவடிவுக்கு முதலில் தோன்றியதெல்லாம் இன்னொரு டம்ளருக்குப் பால் கிடக்கிறதா என்பதுதான். சட்டியைச் சாய்த்துப் பார்த்தாள், கிடந்தது, சுட வைத்தாள், சீனி போட்டாள், ஆற்றினாள், கொண்டுபோய் நீட்டினாள். நீட்டிய பிறகுதான் நாற்காலியில் ஏற்கெனவே ஒருவன் காப்பி குடித்துக்கொண்டிருப்பது அவளுக்கு உறைத்தது.

"யாருவே அது?" என்றான் உட்கார்ந்திருந்தவன்.

"நாந்தான்," என்றான் நின்றவன்.

"நாந்தான்னா?"

"குத்தாலிங்கம்."

உட்கார்ந்திருந்தவன் கொஞ்ச நேரம் அவனை மேலும் கீழும் பார்த்தான். "செரி, உக்காரும்வே. காப்பி ஆறிரும்," என்றான்.

மறுநாள் விளக்கு வைக்கிற நேரத்துக்கு இன்னொருவன் வந்தான். அதற்கு மறுநாளும் ஒருவன் வந்தான். வருகிறவன் எவனும் தான் புதிதாக வந்ததாக நினைக்கவில்லை, எப்போதும் வருகிற வீட்டுக்கு எப்போதும் போல வந்ததாகத்தான் நினைத்தான், உள்ளே தன்னைப் போலவே நாலு பேர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் தலையைச் சொறிந்துகொண்டு ஓர் ஓரமாக உட்கார்ந்தான்.

செங்கோட்டைக்குப் போகிற ரோட்டில், மேற்கே மலை கைக்கெட்டுகிற தூரத்தில் நிற்கிற மாதிரி தெரியும் இடத்தில், மில் தெரு இருக்கிறது. தெருவுக்கு ஒரு பக்கம் வெனீர் மில், மறு பக்கம் வரிசையாக மரச்சாமான் பட்டறைகள். மில்லில் முழு மரத் தடியைக் கொதிக்கிற தொட்டியில் போட்டு வேக வைத்து, வெந்து இளகிய தடியைப் பெரிய கத்திக்கு அடியில் கொடுத்து, அப்பளத்தை விட மெல்லிசாகத் தாள் தாளாகச் சீவுவார்கள். அந்தக் கத்தியை ஓட்டுகிறவன் குத்தாலிங்கம். சீவிய தாள்கள் கட்டுக் கட்டாக எதிர்ப்பட்டறைக்கு வரும். அங்கே அவற்றைப் பார்த்துப் பொறுக்கி, ஓரம் வெட்டி, பீரோக் கதவிலும் கட்டில் தலைமாட்டிலும் ஒட்டக் கொடுக்கிறவள் வடிவு. புருஷன் சீவிப் போடுவதைப் பெண்டாட்டி பொறுக்குகிறாள் என்று தெருவில் ஒரு கேலி உண்டு.

பார்க்க லேசான வேலைதான், செய்யத்தான் கண் வேண்டும். ஒவ்வொரு தாளாகத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடிக்க வேண்டும், பாலிஷ் போட்டால் என்ன நிறம் வருமென்று ஈரத் துணியால் ஒரு துடைப்புத் துடைத்துப் பார்க்க வேண்டும், பூச்சி குத்தியதா, வெடிப்பு ஓடுகிறதா என்று விரலால் தடவ வேண்டும். ஆனால் எந்தத் தாளை எடுத்தாலும் வைத்தாலும் கத்தியிலிருந்து விழுந்த வரிசையை மட்டும் கலைக்கக் கூடாது. அடுத்தடுத்த தாள்கள் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும், அவற்றை அக்கம்பக்கம் விரித்து ஒட்டினால்தான் கதவில் ரேகை இரண்டு பக்கமும் ஒத்து நிற்கும். அதே கட்டின் முதல் தாளையும் கடைசித் தாளையும் பக்கத்தில் வைத்தால் ஒன்றை ஒன்று யாரென்று கேட்கும். அந்த மாற்றம் மயிரிழை மயிரிழையாக வந்திருக்கும். பொறுக்கி முடிந்த கட்டை ரீப்பர் என்கிற இரண்டு நேரான கட்டைகளுக்கு நடுவில் கொடுத்து, கிளாம்ப் போட்டு இறுக்கி, ஒரே இழுப்பில் ஓரத்தை வெட்டிவிட்டால் அந்தக் கட்டு முடிந்தது. வெட்டிய கட்டுக்குள் புதிதாக ஒரு தாளை எவனும் சேர்க்க முடியாது, சேர்த்தால் ஓரம் காட்டிக் கொடுத்துவிடும்.

இன்னொன்றும் உண்டு, அது கணு. கணு என்பது வேறொன்றுமில்லை, ஒரு காலத்தில் மரத்தில் இருந்த கிளை. கிளை பட்டுப்போனால் மரம் அதை மூடிக்கொண்டு பெருத்துவிடும், வெளியே பார்த்தால் வழவழவென்றிருக்கும். பட்டைப் பக்கத்திலிருந்து உள்ளே சீவச் சீவ முதலில் ரேகை லேசாக வளையும், பிறகு சுழிக்கும், பிறகு கறுப்பாக ஒரு வட்டம் தெரியும், பிறகு அந்தக் கறுப்பு உதிர்ந்து தாளில் ஓட்டை விழும். ஓட்டை விழுந்த தாளோடு கட்டை நிறுத்து என்பது பட்டறைச் சட்டம். அதற்கு அப்புறம் இருக்கிற தாள்களை யாரும் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை, பெட்டி அடிக்கிறவர்களுக்கு மொத்தமாகத் தள்ளிவிடுவார்கள்.

குத்தாலிங்கங்கள் எதனால் வந்தார்கள் என்று கேட்டால் மில் தெருவில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். ஒரு வேங்கைத் தடியைச் சீவும்போது அது ரத்தம் மாதிரிப் பால் வடித்ததென்றும், கையை அவன் துணியில் துடைக்காமல் தன் நெஞ்சில் துடைத்துக்கொண்டானென்றும் ஒரு பேச்சு. அந்தத் தடியைச் சீவி முடித்த பிறகு அடியில் ஒரு தாள்கூட இல்லை, ஈரம் மட்டும்தான் கிடந்தது என்று இன்னொரு பேச்சு. காரணம் எதுவானால் என்ன, சாயங்காலமானால் ஆள் வந்துகொண்டிருந்தான், வந்த ஆளுக்குச் சோறு வைக்க வேண்டியிருந்தது, தெரு முதலில் அதைத்தான் பார்த்தது.

மில் தெரு எதற்கும் லேசில் அசந்துவிடுகிற தெரு அல்ல. கத்தி ஓட்டத் தெரிந்த ஆள் இத்தனை பேர் ஓர் இடத்தில் கிடைப்பது ஆண்டவன் பார்த்துக் கொடுத்தது என்று மில் முதலாளி இன்னொரு ஷிப்ட் ஆரம்பித்தார், அவர்கள் படுத்துக்கொள்ள மில் வராந்தாவையும் ஒழித்துக் கொடுத்தார். எந்தக் குத்தாலிங்கம் டீ குடித்தான் என்று கேட்பதை டீக்கடைக்காரர் விட்டுவிட்டார். அம்மன் கொடைக்கு வரி பிரிக்க வந்தவர்கள் மட்டும், இது ஒரு தலைக்கட்டா பல தலைக்கட்டா என்று ஒரு பொழுது முழுக்க வழக்காடினார்கள். உலை ஒன்றுதான், பெண்டாட்டியும் ஒருத்திதான், ஆகையால் தலைக்கட்டும் ஒன்றுதான் என்று தீர்ப்பாயிற்று. கடைசிவரை முறைத்துக்கொண்டிருந்த ஒருவரும், சப்பரம் தூக்க இத்தனை தோள் கிடைக்குமே என்று சொன்னதும் அடங்கிவிட்டார். அவர்களுக்குள் சண்டை சச்சரவு கிடையாது. சீட்டாட உட்கார்ந்தால் மட்டும் அடுத்தவன் கையில் என்ன இருக்கும் என்று எல்லாருக்கும் தெரிந்துபோய் யாரும் ஜெயிக்காமல் ஆட்டம் அந்தரத்தில் நின்றது.

"எளா, ஒருத்தன வச்சே எம்பாடு திண்டாட்டமா இருக்கு, ஒனக்கு வரிசையால்லா நிக்கான்," என்று செல்லத்தாயி சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். செல்லத்தாயி பக்கத்து வீடு, பட்டறையில் வடிவு வெட்டிக் கொடுக்கிற தாளுக்குப் பசை தடவுகிறவள். "போங்க மைனி" என்று வடிவும் சேர்ந்து சிரித்தாள். முதல் ஆளை வீட்டோடு வைத்துக்கொண்டு மற்றவர்களுக்கு வராந்தாவுக்குத் தூக்குச்சட்டியில் சோறு கொடுத்தனுப்பினாள். எத்தனை பேர் வந்தால் என்ன, தான் தாலி கட்டிக்கொண்டவன் இன்னாரென்று தெரிந்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

சிரிப்பு ஒரு சட்டையால் நின்றது.

அன்று வந்தவன் நீலக் கட்டம் போட்ட சட்டை போட்டிருந்தான். அந்தச் சட்டை நைந்துபோய், போன பொங்கலுக்கு முன்னால் அவளே அதைக் கிழித்துத் துண்டு துண்டாக்கிப் பட்டறைக்கு எடுத்துப் போயிருந்தாள். தாள் துடைக்கிற ஈரத் துணியாக அதில் ஒரு துண்டு அவள் இடுப்பில் அப்போதும் செருகியிருந்தது. அதைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு அவன் முதுகையே பார்த்தாள். மறுநாள் வந்தவனுக்குப் பிடுங்கிப்போட்ட கடைவாய்ப் பல் இருந்தது. அதற்கு மறுநாள் வந்தவன் இளைத்து, தாடி வைத்திருந்தான். குத்தாலிங்கம் தாடி வைத்திருந்தது வாழ்நாளில் ஒரே ஒரு காலத்தில்தான். கட்டு எந்தப் பக்கமாகப் போகிறதென்று வடிவுக்கு அப்போதுதான் விளங்கியது. பட்டையிலிருந்து உள்ளே போகிறது. நாளுக்கு நாள் பழைய குத்தாலிங்கம் வருகிறான்.

இரண்டு வருஷத்துக்கு முந்தி, ஆனி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர்களுடைய ஒரே பிள்ளை இசக்கிதுரையை, ஏழு வயதுப் பிள்ளையை, குத்தாலிங்கம் ஆற்றுக்குக் குளிக்கக் கூட்டிக்கொண்டு போனான். ஊரில் நல்ல வெயில், மழை மலையில் பெய்தது. வெள்ளம் ஒரு சத்தம் கொடுத்துவிட்டு வரக் கூடாதா, வரவில்லை. போனது இரண்டு பேர், வந்தது ஒருவன். வந்தவன் வாசலில் நின்று ஒரே ஒரு வார்த்தை சொன்னான். அதற்குப் பிறகு அவனும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. கொஞ்ச நாள் தாடியோடு கிடந்தான், பிறகு சவரம் செய்துகொண்டான், வேலைக்குப் போனான், டீக்கடையில் பகடி பேசினான். குத்தாலிங்கத்தைப் போல் தேறிவந்த மனுஷன் கிடையாது என்று தெரு மெச்சியது. வடிவு மட்டும் அவன் தூங்கும்போது பார்த்துக்கொண்டே இருப்பாள், எங்கேயாவது ஒரு தழும்பு தெரிகிறதா என்று. வழவழவென்றுதான் இருந்தான்.

இப்போது ஒவ்வொரு சாயங்காலமும் ஒரு குத்தாலிங்கம் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஓர் எட்டுக் கிட்டத்திலிருந்து புறப்பட்டு வருகிறான். அப்படியானால் ஒருநாள் அந்த ஞாயிற்றுக்கிழமையே வாசலில் வந்து நிற்கும், அந்த வார்த்தையை மறுபடி சொல்லும். அதை நினைத்தால் வடிவுக்குச் சோறு இறங்கவில்லை. அதற்கும் அந்தப் பக்கம் ஒன்று இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை, பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கு எப்படித் தோன்றும், அவளுடைய உலகம் அந்த நாளோடு மதில் எழுப்பி நின்றுவிட்டது.

அவளுடைய பயம் மெல்ல மெல்லத் தெருவுக்கும் வந்தது. வருகிறவர்களின் நெஞ்சில் இடது பக்கமாகத் தோல் சுழிக்க ஆரம்பித்திருந்தது. ஒருவனுக்கு விரல் ரேகை அளவு சுழி, அடுத்தவனுக்கு உள்ளங்கை அளவு, அதற்கடுத்தவனுக்குச் சுழியின் நடுவில் கறுப்பாக ஒரு வட்டம். வட்டம் போட்ட குத்தாலிங்கத்தின் பக்கத்தில் போனால் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. குழாயடியில் நிற்கிற பெண்கள் அவன் கடந்துபோனால் குடம் நிறைந்துவிட்டதென்று நினைத்துக் குழாயை அடைத்தார்கள், குனிந்து பார்த்தால் குடம் பாதிதான் நிறைந்திருக்கும். நாய்கள் தெருவின் கிழக்குக் கோடிக்கு ஜாகை மாற்றிக்கொண்டன. வட்டம் போட்ட குத்தாலிங்கங்களை வேலைக்கு வைத்தால் தொட்டித் தண்ணீர் கொதிக்க மாட்டேனென்கிறது என்று மில் முதலாளி புது ஷிப்டை நிறுத்தினார். வெயில் தாழ்ந்ததும் தாய்மார்கள் பிள்ளைகளை உள்ளே இழுத்துப் போட்டுக் கதவைச் சாத்தினார்கள்.

செல்லத்தாயி இப்போது சிரிப்பதில்லை. "இன்னைக்கு வந்தவன் எங்கிட்ட குடிக்கத் தண்ணி கேட்டான்," என்றாள் வடிவின் கையைப் பிடித்துக்கொண்டு. "ஒரு செம்பு குடுத்தேன். குடிச்சான். குடிச்சது அம்புட்டும் நெஞ்சு வழியா வழிஞ்சு சட்டைய நனைக்கி. அவன் அதத் தொடைக்கக்கூட இல்ல, இன்னொரு செம்பு தாங்க அக்கான்னு நிக்கான். எளா வடிவு, எனக்குப் பயமா இருக்குட்டி. அடுத்தாப்ல வாரவன் எப்படி வருவானோ."

அடுத்து வருகிறவன் எப்படி வருவான் என்று வடிவுக்குத் தெரியும். தெரிந்ததுதான் பயம்.

தெரு டீக்கடை முன்னால் கூடியது. பட்டறைத் தலைவர் ஞானப்பிரகாசம் மேஸ்திரிதான் பேசினார்.

"இதுல மண்டைய ஒடைக்க என்ன இருக்கு? நாம தெனம் செய்யுத வேலதான? வந்தவனுவள வரிசையா நிறுத்துவோம், வேட்டிக்கரைய ரீப்பருக்குள்ள குடுத்து இறுக்குவோம், ஒரே இழுப்புல வெட்டிருவோம். வெட்டுன கட்டுக்குள்ள இன்னொருத்தன் எப்படி வருவான்? ஒரு ஆள வடிவு எடுத்துக்கிடட்டும், மத்தவனுவள கொல்லம் லாரில ஏத்திருவோம், அங்கன மில்லுல ஆளு கேக்கான். யார வச்சுக்கிடணும்னு அவதான் சொல்லணும். பொறுக்குதவ அவதான."

"நான் மொத ஆளையே வச்சுக்கிடுதேன்," என்று வடிவு எழுந்து நின்று சொன்னாள். "இப்பமே வெட்டிருவோம் மேஸ்திரி. வெளக்கு வைக்கதுக்கு முன்ன வெட்டிருவோம். இன்னைக்கு வாரவன் வர வேண்டாம்."

மேஸ்திரி கத்தி எடுக்கப் பட்டறைக்குள் போனார். அவர் திரும்பி வருவதற்குள் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து நின்றார்கள், தெருவின் மேற்கு முனையிலிருந்து தண்ணீர்ச் சத்தம் வந்தது, வெள்ளம்தான் வருகிறதென்று நினைத்து ஒருவர் பெஞ்சு மேலேயே ஏறிவிட்டார்.

வந்தது குத்தாலிங்கம்தான். தலையிலிருந்து கால்வரை நனைந்திருந்தான், நடந்த இடமெல்லாம் ஈரத் தடம் விழுந்தது. நெஞ்சில் இடது பக்கம் ஒரு தேங்காய் போகிற அளவுக்கு ஓட்டை, அதன் வழியே அவனுக்குப் பின்னால் இருந்த மலை தெரிந்தது. வலது கையைக் கீழே நீட்டி, சின்னப் பிள்ளையின் கையைப் பிடித்திருக்கிறவன் மாதிரி விரல்களை மூடி வைத்திருந்தான். யாரையும் பார்க்காமல் நேராக வடிவின் வீட்டு வாசலுக்குப் போனான். ஓடிப்போய் அவனுக்கு முன்னால் வீட்டுக்குள் நுழைந்துவிட்ட வடிவு கதவைச் சாத்துவதற்குள் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டான்.

"வடிவு, கை வழுக்கிட்டுட்டி."

அவள் தாழ்ப்பாளைப் போட்டாள். உள்ளே நாற்காலியில் இருந்த முதல் குத்தாலிங்கத்தின் கையிலிருந்து டம்ளர் விழுந்து உருண்டது. இரண்டு வருஷமாக அவள் அவனிடம் தேடிக்கொண்டிருந்த தழும்பு அப்போது ஒரு கணம் முகத்தில் தெரிந்தது. "அவன உள்ள விட்டுராத வடிவு," என்றான் அவன் கும்பிட்டுக்கொண்டு. "ஒன் கால்ல விழுதேன். அவன உள்ள விட்டுராத." அவள் காதைப் பொத்திக்கொண்டு கதவோரமாகச் சரிந்து உட்கார்ந்தாள், கதவுக்கு அடியில் தண்ணீர் கசிந்து வந்து அவள் சேலையை நனைத்தது. அன்றைக்குத் தெருவில் யாரும் அதற்கு மேல் வெளியே வரவில்லை.

மறுநாள் லாரி வந்து நின்றது. இன்றைக்கு இருட்டுவதற்குள் வெட்டியே ஆக வேண்டும், நேற்று வந்தது இதுவென்றால் இன்றைக்கு வருவது எதுவாக இருக்கும் என்று யாராலும் யோசிக்கக்கூட முடியவில்லை. ஓட்டைக்கு அப்புறம் எவனும் பிரித்துப் பார்ப்பதில்லை என்கிற சட்டம் எத்தனை நல்ல சட்டம் என்று பேசிக்கொண்டார்கள். வெயில் சாயும் நேரத்தில் குத்தாலிங்கங்கள் எல்லாரையும் வந்த வரிசையிலேயே நிறுத்தினார்கள். முதல் ஆள் முகப்பில் நின்றான், நனைந்தவன் கடைசியில் நின்றான், அவனுக்கும் பக்கத்தில் இருந்தவனுக்கும் நடுவில் மட்டும் ஓர் ஆள் நிற்கிற இடைவெளி இருந்தது. வேட்டிக்கரைகளை இழுத்து நீள ரீப்பருக்குள் கொடுத்துக் கிளாம்ப் போட்டார்கள். அவர்கள் மறுக்கவில்லை. எல்லாரும் அந்த வேலை தெரிந்தவர்கள், கரை சுருங்காமல் அவர்களே நீவிக் கொடுத்தார்கள்.

"பாத்துச் சொல்லு தாயி," என்றார் மேஸ்திரி, சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு. "ஆள் யாருன்னு சொன்னா தோள்ல ஒரு கோடு போட்டுருதேன். போட்டுட்டு நீ இழு."

முதல் ஆளைத்தான் சொல்லப் போகிறாள், அதில் மாற்றமில்லை. இருந்தாலும் கட்டை முழுக்கப் பார்க்காமல் வெட்டிப் பழக்கமில்லாதவள் அவள். கத்தியை வலது கையில் பிடித்துக்கொண்டு, இடுப்பில் செருகியிருந்த ஈரத் துணியை இடது கையில் எடுத்துக்கொண்டு, தாள் பார்க்கிற மாதிரியே ஒவ்வொருவனாகப் பார்த்துக்கொண்டு நடந்தாள். சுழியைப் பார்த்தாள், வட்டத்தைப் பார்த்தாள். கடைசியில் அந்த இடைவெளியையும் தாண்டி நனைந்தவன் முன்னால் வந்து நின்றாள்.  கண்ணை அவன் முகத்துக்குக் கொண்டுபோக முடியவில்லை, ஓட்டைக்குத்தான் கொண்டுபோக முடிந்தது. கை தன் பழக்கத்தில் போய் ஓட்டையின் விளிம்பைத் துடைத்தது.

விளிம்பு கன்னங்கரேலென்று இருந்தது, கரிந்த மாதிரி. ஆனால் துடைத்த இடத்தில், உள்பக்கமாக, முதுகை ஒட்டிய ஓரத்தில், நூல் அளவுக்குச் சிவப்பு தெரிந்தது. ஈரமான, பச்சைச் சிவப்பு.

வடிவு அந்தச் சிவப்பைப் பார்த்திருக்கிறாள். பட்டறைக்கு வந்த புதிதில் அவளை நல்ல கட்டுகளைத் தொட விடவில்லை, பெட்டி அடிக்கிறவர்களுக்குப் போகிற கழிவைத்தான் அடுக்கச் சொன்னார்கள். ஓட்டைக்கு அப்புறம் யாரும் பிரிக்காத தாள்களை அவள் ஒவ்வொன்றாகப் பிரித்து அடுக்கியிருக்கிறாள். ஓட்டை ஒரு தாளிலோ இரண்டு தாளிலோதான். அதற்கடுத்த தாளில் கணு மறுபடி முழுசாக இருக்கும், உதிராது, குத்தினாலும் பெயராது, மரத்தோடு மரமாகச் சிவந்து கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கும். ஏனென்றால் மரத்துக்குள் அவ்வளவு தூரம் போனால் அங்கே கிளை பட்டுப்போகவில்லை.

 கத்தி ரீப்பரின் மேல் வைத்தபடி நின்றுவிட்டது.

"இழு தாயி, வெளிச்சம் போகுது," என்றார் மேஸ்திரி.

"இன்னும் ஒரு தாள் இருக்கு மேஸ்திரி."

"இருக்கட்டும். அது நமக்கு வேண்டாம்."

"ஓட்டைக்கு அந்தப் பக்கம் கிளை உசுரோட இருக்கும்லா?"

 மரத்திலேயே பிறந்து வளர்ந்த தெரு அது, அவள் சொன்னது அங்கே பசை காய்ச்சுகிறவனுக்கும் தெரியும். தெரிந்ததை யாரும் இதுவரை நினைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.  "யம்மா, சொன்னாக் கேளு," என்றார் மேஸ்திரி. "வேண்டாம் தாயி. உள்ள கெடக்கது உள்ள கெடக்கட்டும். அது வெளிய வந்து நின்னா நிலைக்காது. நான் எத்தன மரம் பாத்திருக்கேன்."

"வெட்டுட்டி!" என்று செல்லத்தாயி அழுதாள். "ஒனக்குக் கோடிப் புண்ணியம், வெட்டிரு!" எல்லாரும் வெட்டு வெட்டு என்று கத்தினார்கள், பயத்தில் கத்தினார்கள். அவள் கையிலிருந்து கத்தியைப் பிடுங்க ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. மலைக்குப் பின்னால் வெளிச்சம் இறங்கியது. டீக்கடையில் விளக்கைப் போட்டார்கள்.

தெருவின் மேற்கு முனையில் ஒரு குத்தாலிங்கம் திரும்பினான். வேட்டி உலர்ந்திருந்தது. தண்ணீர்ச் சத்தம் இல்லை. அவன் தோளில், இரண்டு காலையும் அவன் நெஞ்சின் மேல் தொங்கப்போட்டுக்கொண்டு, அவன் காதுகள் இரண்டையும் பிடித்துக்கொண்டு, இசக்கிதுரை உட்கார்ந்திருந்தான்.

"எம்மா!" என்று கூப்பிட்டான் அவன் தூரத்திலிருந்தே. "ஏம்மா தெருவுல அம்புட்டுப் பேரும் நிக்காவ? சப்பரமா?"

வடிவு அழவில்லை, ஓடவில்லை. வேலை பழகிய கை அது, முதலில் வேலையை முடித்தது. வந்தவனின் வேட்டிக்கரையை இழுத்துக் கடைசி ஆளாக ரீப்பருக்குள் கொடுத்தாள். "இந்த ஆளு," என்றாள். மேஸ்திரி அவன் தோளில் கோடு போட்டார், பிள்ளையின் கால் மேல் கை பட்டுவிடாமல் தள்ளி நின்று போட்டார், கோடு கோணலாக விழுந்தது. நாளை வருகிறவனின் தோளில் இதைவிடச் சின்னப் பிள்ளை இருப்பான், அதற்கடுத்த நாள் கைக்குழந்தை இருப்பான், அதற்கடுத்து ஒன்றும் இருக்காது என்று அவளுக்குத் தெரியும். கத்தியை வைத்து ஒரே இழுப்பாக இழுத்தாள். வேட்டிக்கரைகள் நீளமாக ஒரு நாடா மாதிரி மண்ணில் விழுந்தன. கட்டு முடிந்தது.

மற்றவர்கள் லாரியில் ஏறினார்கள். இரண்டு வருஷம் அவளோடு கிடந்து தேறிய முதல் குத்தாலிங்கமும் ஏற வேண்டியிருந்தது. அவன் அவளைப் பார்க்கவில்லை, பிள்ளையை மட்டும் பார்த்தான், பார்த்துக்கொண்டே இருந்து, கையை நீட்டி அவன் பாதத்தை ஒரு விரலால் தொட்டான்.

"நீங்க யாரு மாமா? எங்கப்பா மாதியே இருக்கிய," என்றான் துரை.

"ஒண்ணுமில்லய்யா," என்று சொல்லிவிட்டு அவன் ஏறிப் போனான். வடிவுக்கு அப்போதுதான் நெஞ்சு அறுந்தது. அவனைப் பேர் சொல்லிக் கூப்பிடலாமென்று வாயெடுத்தாள், கூப்பிட்டால் லாரியில் இருக்கிற எல்லாரும் திரும்புவார்கள் என்று விட்டுவிட்டாள். நனைந்தவன் கடைசியாக ஏறினான். லாரி போன வழியெல்லாம் ஈரம் சொட்டிக்கொண்டே போனது.

பிள்ளையைத் தெரு ஒரு வாய் சோற்று நேரத்தில் ஏற்றுக்கொண்டது. செல்லத்தாயி முதலில் எட்ட நின்று பார்த்தாள், பிறகு கிட்ட வந்து தொட்டுப் பார்த்தாள், சுடுகிறது என்று தெரிந்ததும் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு முறுக்கைக் கையில் கொடுத்து ஓவென்று அழுதாள். வடிவு பிள்ளைக்கு ஊட்டினாள், குளிப்பாட்டினாள், அவன் வாயில் வந்த கதையெல்லாம் கேட்டாள், சந்தோஷம் தாங்காமல் அவன் பக்கத்திலேயே கிடந்து தூங்கிப் போனாள்.

விடிந்தபோது பேச்சுச் சத்தம் கேட்டுக் கண் விழித்தாள். குத்தாலிங்கமும் துரையும் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள். பிள்ளையின் தலையில் எண்ணெய் தேய்த்திருந்தது, அப்பன் தோளில் துண்டு கிடந்தது, கையில் சோப்புப் பெட்டி இருந்தது.

"எம்மா, நானும் அப்பாவும் ஆத்துக்குப் போயிட்டு வாரோம்," என்றான் துரை.

அவள் எப்படி எழுந்தாளென்று அவளுக்கே தெரியாது, கதவைச் சாத்தி அதன் மேல் முதுகை வைத்து நின்றாள். "இன்னைக்குப் புதன்கெழம," என்றாள்.

"என்னட்டி, தூக்கம் தெளியலையா? ஞாயித்துக்கெழமல்லா," என்று குத்தாலிங்கம் சிரித்தான். பல்லெல்லாம் இருந்தது அவனுக்கு, கவலை இல்லாத சிரிப்பு. "ஒரு முங்கு முங்கிட்டு வந்துருதோம்."

எந்தத் தாளைப் பொறுக்கினோம் என்று வடிவுக்கு அப்போது தெரிந்தது. ஓட்டை விழுந்த தாளை ஒட்டினாற்போல இருந்த தாள், ஆற்றுக்குப் புறப்பட்ட அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலை. வெட்டிய கட்டில் தாள் மாறாது, மாற்றவும் முடியாது. ஜன்னல் வழியே பார்த்தாள், தெருவில் பளீரென்று வெயில், மலைமேல் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது.

அன்று விடவில்லை. மறுநாள் விடிந்தது, அவர்களுக்கு மறுபடி ஞாயிற்றுக்கிழமை, தலையில் எண்ணெய், தோளில் துண்டு. அதற்கு மறுநாளும் அதேதான். வடிவு பட்டறைக்குப் போவதை விட்டுவிட்டாள். ஒவ்வொரு விடியலிலும் கதவில் முதுகை வைத்து நிற்பதுதான் அவள் வேலை. அவள் காய்ச்சலில் கிடந்த காலங்களில் செல்லத்தாயி வந்து நின்றாள், செல்லத்தாயிக்கு முடியாதபோது மேஸ்திரியின் வீட்டிலிருந்து யாராவது வந்து நின்றார்கள். மில் சங்கு ஊதுகிற மாதிரி, குழாயில் தண்ணீர் விடுகிற மாதிரி, வடிவு வீட்டுக் கதவுக்கு ஆள் நிற்பதும் தெருவுக்குப் பழகிப்போனது. அவள் தலை வெளுத்தது. பிள்ளைக்கு ஏழு வயது தாண்டவே இல்லை.

"எம்மா, நேத்தும் நாளைக்குன்னுதான சொன்ன?" என்று அழுதுகொண்டு நிற்பான். "நாளைக்காவது விடுவியாம்மா?"

"நாளைக்குய்யா," என்பாள் வடிவு, முதுகைக் கதவிலிருந்து எடுக்காமல்.